வெட்சி முரண்டு பிடிக்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடியுங்கள்

'கவனிப்பே வேண்டாத செடி' என்று சொல்லித்தான் நர்சரிகளில் வெட்சியை விற்கிறார்கள். அதில் பொய்யில்லை. தென்னிந்தியாவின் புதர்க்காடுகளிலும் இலங்கையிலும் யாரும் தண்ணீர் விடாமல், யாரும் உரம் வைக்காமல் பூத்துக் குலுங்கும் செடி அது. இட்லிப்பூ, விருட்சி, மலையாளத்தில் தெச்சி என்று ஊருக்கொரு பெயர். காபிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அவ்வப்போது நறுக்கிவிட்டால் 3 அடி உயரத்தில் அடங்கி நிற்கும். ஆண்டின் பெரும்பகுதி பூக்கும். தேன்சிட்டும் பட்டாம்பூச்சியும் தேடி வரும்.

அப்படிப்பட்ட செடி நம் வீட்டுக்கு வந்ததும் மஞ்சளாகிறது, மொட்டை உதிர்க்கிறது, பூப்பதையே நிறுத்திவிடுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது செடியை அல்ல. நாம் கொடுக்கும் தண்ணீரை, மண்ணை, 'ஊட்டத்தை'. வெட்சிக்குப் பிடித்தது சற்றே அமிலத்தன்மை உள்ள மண். பி.ஹெச். அளவில் சொன்னால் 5.5 முதல் 6.5 வரை. நாம் கொடுப்பதோ ஆழ்துளைக் கிணற்றின் கடினத் தண்ணீர், சிமென்ட் சிதறிய மண், அதன்மேல் அக்கறையோடு தூவும் முட்டை ஓடும் அடுப்புச் சாம்பலும்.

எனவே மருந்துக் கடைக்குக் கிளம்பும் முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

1. கோளாறு கிளை நுனியில் இருக்கும் கொழுந்து இலையிலா, அடியில் இருக்கும் முற்றிய இலையிலா?
2. செடிக்கு ஊற்றுவது எந்தத் தண்ணீர்?
3. கடந்த இரண்டு மாதங்களில் மண்ணில் என்னென்ன போட்டீர்கள்?

முதல் கேள்விக்கான பதிலிலேயே பாதி நோய் பிடிபட்டுவிடும். இரும்பு ஒரு முறை இலைக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கேயே தங்கிவிடும். பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கச் செடியால் முடியாது. அதனால் இரும்புப் பஞ்சம் கொழுந்தில்தான் தெரியும். தழைச்சத்து (நைட்ரஜன்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் ஆகியவை இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி அடி இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்கு அனுப்பும். அடி இலைதான் வாடும். இது தெரியாமல் எல்லா மஞ்சளுக்கும் ஒரே எப்சம் உப்பை (மெக்னீசியம் சல்பேட்) கரைத்து ஊற்றுகிறார்கள்.

கொழுந்து இலை மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை

வெட்சி வளர்ப்பவர்களின் புகார்களில் முதலிடம் இதற்குத்தான். கிளை நுனியில் உள்ள இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நரம்புகள் பச்சை வலைபோலத் துலக்கமாகத் தெரிந்து, இடைப்பட்ட சதைப்பகுதி எலுமிச்சை மஞ்சளாக இருந்தால் இரும்புச்சத்து போதவில்லை என்று அர்த்தம். முற்றினால் கொழுந்து ஏறக்குறைய வெண்மையாகவே வரும், ஓரம் கருகும், நுனி செத்துப்போகும்.

மண்ணில் இரும்பே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. நம் ஊர்ச் செம்மண்ணின் சிவப்பே இரும்பால் வந்ததுதான். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அந்த இரும்பு கரையாத வடிவத்துக்குப் போய்விடுகிறது. வேர் அருகிலேயே இருந்தும் எடுக்க முடியவில்லை. ஆகவே 'இரும்பு போடுவது' பாதி மருத்துவம்தான். சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது மீதிப் பாதி. அதைச் செய்யாதவர்களுக்குச் செடி ஆறு வாரம் பச்சையாகிவிட்டு மறுபடியும் மஞ்சளாகும்.

மண்ணைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. வேர்ப்பகுதியிலிருந்து ஒரு கரண்டி மண் எடுத்துக் காயவைத்து, சமையலுக்கு வைத்திருக்கும் வெள்ளை வினிகரைச் சில சொட்டு விடுங்கள். சோடா பாட்டிலைத் திறந்ததுபோல நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. காதருகே வைத்தால் மெல்லிய பொரிச்சல் சத்தம்கூடக் கேட்கும். நுரைக்கவில்லை என்றால் மண் தப்பித்தது, தண்ணீரைப் பாருங்கள். வாளியின் உட்புறத்திலும் குழாய் வாயிலும் வெள்ளைப் படிவு கட்டுகிறதா? சோப்பு நுரைக்க மறுக்கிறதா? அதே தண்ணீரை நாள்தோறும் ஊற்றினால் நல்ல செம்மண்கூட மெல்ல மெல்லக் காரமாகிவிடும். தொட்டி மண் இன்னும் வேகமாகக் கெடும்.

சுண்ணாம்பு வரும் மற்ற வழிகள்: கட்டடம் கட்டியபோது சுவரோரம் விழுந்த கலவை, வெள்ளையடித்த தூரிகையைக் கழுவி ஊற்றிய இடம், லாரியில் வாங்கிய 'செம்மண்'ணோடு வந்த இடிபாடு. கோவில்பட்டி, தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசலில் சுண்ணாம்புக் கற்களே மண்ணில் கலந்து கிடக்கும். அங்கே வெட்சியைத் தரையில் வைப்பதைவிடத் தொட்டியில் வைப்பது புத்திசாலித்தனம். இதற்கு நேர்மாறாக, கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் செம்புறை மண்ணில் இதே செடியை வேலியோரம் நட்டுவிட்டு மறந்துபோகிறார்கள்.

இனிச் செய்ய வேண்டியவை. வரிசை முக்கியம்.

முதலில் முட்டை ஓடு, சாம்பல், சுண்ணாம்பு, எலும்புத்தூள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ரோஜாவுக்கு நல்லது என்று படித்தது வெட்சிக்குப் பொருந்தாது.

அடுத்து, இலை வழியாக உடனடி நிவாரணம். உரக்கடையில் 'அன்னபேதி' என்று கேட்டால் கொடுப்பார்கள்; பச்சை நிற உப்பு; இரும்பு சல்பேட். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி, அதோடு ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் அல்லது அரை எலுமிச்சம்பழச் சாறு. அமிலத்தை முதலில் கலந்து பிறகு உப்பைக் கரையுங்கள். இல்லாவிட்டால் கடினத் தண்ணீரில் துருநிறமாகத் திரிந்துவிடும். மாலையில், இலையின் இருபுறமும் நனையும்படி தெளியுங்கள். 10 நாள் இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று தடவை போதும். பழைய கரைசலை வைத்திருந்து அடிக்காதீர்கள். தரை ஓட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் துருக்கறை போகாது. செடிக்கு அடியில் பழைய துணியை விரித்துக்கொண்டு தெளித்தால் வீட்டில் சண்டை இருக்காது.

மண்ணில் இடுவதற்கு அன்னபேதி வீண். சுண்ணாம்பு மண்ணில் விழுந்த கொஞ்ச நேரத்தில் அதுவும் பழையபடி கரையாத இரும்பாகிவிடும். மண்ணுக்கு 'கீலேட்' இரும்பு (கரையாமல் போய்விடாதபடி இன்னொரு சேர்மம் பிடித்துவைத்திருக்கும் இரும்பு) வாங்குங்கள்; அதிலும் பொட்டலத்தைத் திருப்பி எழுத்தைப் படியுங்கள். இ.டி.டி.ஏ. (EDTA) என்று போட்டிருப்பது விலை குறைவு, ஆனால் மண்ணின் பி.ஹெச். 6.5-ஐத் தாண்டினால் அதன் பிடி தளர்ந்துவிடும். இ.டி.டி.ஹெச்.ஏ. (EDDHA) என்று போட்டிருப்பது விலை கூடுதல், காரமண்ணிலும் இரும்பை விடாமல் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் போட்டால் செக்கச்செவேலென்று கரையும். வெட்சிக்கு வாங்குவதானால் இரண்டாவதையே வாங்குங்கள். பொட்டலத்தில் குறித்த அளவைத் தாண்ட வேண்டாம்.

மூன்றாவது, தண்ணீர். மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்ல மருந்து கிடையாது. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்பதால் மொட்டைமாடியிலிருந்து இறங்கும் குழாய் உங்கள் வீட்டிலும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதன் கீழே ஒரு பீப்பாயை வையுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் உப்பில்லாதது, தாராளமாக ஊற்றலாம். வாரத்தில் இரண்டு நாள் இப்படிப்பட்ட தண்ணீர் போனாலே வித்தியாசம் தெரியும். ஆர்.ஓ. கருவியின் கழிவுநீரை மட்டும் ஊற்றாதீர்கள். வடிகட்டிய உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

நான்காவது, மண். தொட்டிச் செடி என்றால் மண்ணை மாற்றிவிடுவதே சுருக்கு வழி: செம்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய இலைமட்கு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. தரையில் இருக்கும் செடி என்றால் சுவரிலிருந்து குறைந்தது இரண்டடி தள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். சுவரை ஒட்டிய செடியை எவ்வளவு குணப்படுத்தினாலும் ஒவ்வொரு மழைக்கும் சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும். கந்தகத் தூள் மண்ணின் காரத்தைக் குறைக்கும். ஆனால் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்க மாதக்கணக்கில் ஆகும். வினிகர் சோதனையில் பொங்கி நுரைத்த மண்ணில் கந்தகத்துக்குச் செலவழிப்பது ஆற்றில் போட்ட காசு.

ஃபில்டர் காபிச் சக்கையைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். டிகாஷன் இறங்கும்போதே அமிலத்தின் பெரும்பகுதி அதோடு போய்விடுகிறது. சக்கை மக்கினால் நல்ல எரு. மண்ணைப் புளிக்கவைக்கும் என்று நம்பிப் போட வேண்டாம். தொட்டியில் கனமாகப் பரப்பினால் ஏடு கட்டித் தண்ணீரையே உள்ளே விடாது.

ஒரு எச்சரிக்கை. இத்தனையும் சரியாக இருந்தும் கொழுந்து மஞ்சளாக வந்தால் வேரைப் பாருங்கள். வேர் அழுகியிருந்தாலும், தொட்டி முழுக்கச் சுற்றிச் சுற்றி நெருங்கிப் போயிருந்தாலும், நூற்புழு தாக்கியிருந்தாலும் இரும்பை உறிஞ்ச ஆள் இல்லாமல் இதே அறிகுறி வரும். மார்கழிக் குளிரில் வேர் மந்தமாவதாலும் சில செடிகளில் கொழுந்து வெளிறும். மாசியில் வெயில் ஏறியதும் தானே தெளியும். அதற்கு மருந்து வேண்டாம்.

பச்சை திரும்புவதைப் புது இலையில்தான் பார்க்க முடியும். ஏற்கெனவே வெளுத்துப்போன இலை முழுவதும் தேறாது. அதைப் பார்த்துக்கொண்டு மேலும் மேலும் தெளிக்காதீர்கள்.

அடி இலை மட்டும் மஞ்சளாகி உதிர்கிறது

புதுத் தளிர் வரும்போது ஒன்றிரண்டு பழைய இலைகள் போவது இயல்பு. நிறைய உதிர்ந்தால் மஞ்சளின் வடிவத்தைக் கவனியுங்கள். இலை முழுவதும் ஒரே சீராக வெளிறியிருந்தால் தழைச்சத்துக் குறைவு. ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். ஓரத்திலிருந்து மஞ்சள் பரவி, காம்புப் பக்கம் பச்சை முக்கோணமாக மிஞ்சியிருந்தால் மெக்னீசியம் குறைவு. எப்சம் உப்புக்கு இங்கேதான் வேலை: லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கலந்து, மாதம் ஒரு முறையாக இரண்டு மாதம்.

முற்றிய இலையில் செம்பழுப்புப் புள்ளிகள்

பூசணம் என்று நினைத்துப் பலரும் மருந்தடிக்கும் கோளாறு இது. பூசணப் புள்ளி பெரும்பாலும் வட்டமாக, நடுவில் காய்ந்து, சுற்றிலும் மஞ்சள் வளையத்தோடு இருக்கும். மழைக்காலத்தில் கொழுந்து, முற்றல் என்று பார்க்காமல் வரும். அடி இலைகளில் மட்டும் ஊதாவும் சிவப்புமாகத் தெறித்ததுபோல இருந்தால் சாம்பல்சத்துப் பற்றாக்குறை. மேற்புறம் முழுவதும் ஒரே மாதிரி செம்பழுப்பாகிவிட்டால் மணிச்சத்துப் (பாஸ்பரஸ்) பற்றாக்குறை. மணல் மண்ணிலும், தினமும் கொட்டக் கொட்டத் தண்ணீர் ஊற்றும் தொட்டியிலும் சத்து அடித்துக்கொண்டு போவதால் இது வருகிறது.

சாம்பல்சத்து என்றதும் சாம்பலைத் தேடாதீர்கள். விறகுச் சாம்பல் காரம். ஒரு நோயைத் தீர்த்து முதல் நோயைக் கொண்டுவரும். சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வாங்கி, நடுத்தரத் தொட்டிக்கு அரைத் தேக்கரண்டி வீதம் ஓரமாகத் தூவிக் கிளறித் தண்ணீர் விடுங்கள். மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் விலை மலிவு. ஆனால் அதிலுள்ள குளோரைடு தொட்டியில் தேங்கினால் இலை நுனி கருகும். புள்ளி விழுந்த இலைகள் மாறாது. அவற்றைப் பறித்தும் போடாதீர்கள். பறித்தால் செடி அடுத்த வரிசை இலையிலிருந்து சத்தை உருவத் தொடங்கும்.

நன்றாகத் தழைக்கிறது, பூ மட்டும் இல்லை

வெட்சி பூக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும். அது கிளையின் நுனியில் மட்டுமே பூக்கும். நல்ல வெயிலில் நிற்கும் ஒரு கிளையை நுனியில் உற்றுப் பாருங்கள். கடைசி இரண்டு இலைகளுக்கு நடுவே மிளகைவிடச் சிறிய, சற்றே சிவந்த முண்டு ஒன்று இருக்கும். தொட்டால் கெட்டியாக இருக்கும். அதுதான் வரப்போகும் பூங்கொத்து. அதிலிருந்து நீண்ட குழல்களோடு நாலிதழ்ப் பூக்கள் டஜன் கணக்கில் விரியும். அது முடிந்ததும் கொத்துக்குக் கீழே உள்ள இலைக்கக்கங்களிலிருந்து இரண்டு புதுக் கிளைகள் புறப்படும்; அவை ஒவ்வொன்றும் இன்னொரு கொத்தில் முடியும். அப்படித்தான் பூ பெருகுகிறது.

இப்போது வேலிக் கத்தரியோடு மாதம் இரண்டு முறை வருபவரை நினைத்துப் பாருங்கள். மேலே சமமாக இருக்க வேண்டும் என்று அவர் வெட்டித் தள்ளுவது முழுக்க முழுக்க அந்த முண்டுகளைத்தான். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பெட்டிபோல வெட்டிய வெட்சி வரிசைகளில் பூவே தென்படாததற்கு இதுதான் காரணம். அங்கே உரக் குறையும் இல்லை, தண்ணீர்க் குறையும் இல்லை.

சரியான முறை: வாடிய கொத்தை மட்டும், அதற்குக் கீழே உள்ள முதல் இலைச் சோடிக்குச் சற்று மேலே கிள்ளிவிடுங்கள். பெரிய கவாத்தைத் தை கடைசி, மாசியில் ஆண்டுக்கொரு முறை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு வரை வெட்டலாம். அதன்பின் வரும் தளிர்கள் கோடையில் பூக்கும். கத்தரி வெயிலில் கவாத்து வேண்டாம். திடீரென்று வெயில் பட்ட உட்கிளைகள் வெந்துபோகும்.

வெட்டவே இல்லை, ஆனாலும் பூக்கவில்லை என்றால் அடுத்து வெயிலைப் பாருங்கள். ஐந்து, ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். மாமர நிழலில் வெட்சி உயிரோடு இருக்கும், இலை கரும்பச்சையாகப் பளபளக்கும், கணு தள்ளித் தள்ளி நீளும், பூ வராது. உரத்தால் இதைச் சரிசெய்ய முடியாது. தொட்டியை நகர்த்துங்கள், ஒரே நாளில் நிழலிலிருந்து உச்சி வெயிலுக்கு அல்ல, ஒன்றிரண்டு வாரம் காலை வெயிலில் பழக்கி.

மூன்றாவது காரணம் யூரியா, அல்லது வாரந்தோறும் ஊற்றும் சாணக் கரைசல். தழைச்சத்து மிகுந்தால் இலையாகவே போகும். இரண்டு மாதம் எதுவும் போடாமல் விடுங்கள். வெட்சிக்குப் பட்டினி ஒத்துக்கொள்ளும்.

நர்சரியிலிருந்து அரையடி உயரத்தில் கொத்துக் கொத்தாய்ப் பூத்து வந்த கன்று, வீட்டுக்கு வந்து மாதக்கணக்கில் பூக்காமல் இருப்பது தனிக் கதை. அது முற்றிய கிளையின் நுனியை வெட்டி வேர்பிடிக்கவைத்த போத்து. கிளைக்கு வயதாகிவிட்டதால் குட்டையாக இருக்கும்போதே பூத்துவிட்டது. இப்போது வேர் வளர்த்துக்கொண்டிருக்கிறது. பொறுங்கள்.

மொட்டு விரியும் முன் உதிர்கிறது

பெரும்பாலும் தண்ணீர்த் தட்டுப்பாடு. காய்ந்து கிடந்த தொட்டிக்கு ஒரேயடியாக ஊற்றுவது, ஊருக்குப் போய்விட்டு நான்கு நாள் கழித்து வருவது, கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி மேற்கு வெயிலில் கொதிப்பது ஆகிய மூன்றும் மொட்டைக் கொட்டும். சித்திரை, வைகாசியில் தொட்டியைக் காலை வெயில் படும் கிழக்குப் பக்கம் கொண்டுபோங்கள். மண்மேல் காய்ந்த சருகை இரண்டு அங்குலம் பரப்புங்கள். மொட்டு வைத்திருக்கும்போது தொட்டி மாற்றினாலும் உதிரும். விரிந்த பூ சில வாரம் நின்றுவிட்டு ஒவ்வொன்றாகக் கொட்டுவது நோய் அல்ல.

இலைமேல் கரி பூசியதுபோல்

விரலால் தேய்த்தால் கறுப்பு வருகிறதா? அது கரும்பூசணம். இலையை அது தின்பதில்லை. இலைமேல் படிந்த தேன்போன்ற பிசுக்கைத் தின்று வளர்கிறது. பிசுக்கைக் கழிப்பவை சாறு உறிஞ்சும் பூச்சிகள். இலையைத் திருப்பி நடுநரம்பையும் இளந்தண்டையும் பாருங்கள். பழுப்பு நிறத்தில் ஓடுபோல ஒட்டியிருப்பதை நகத்தால் நெம்பினால் கழன்று வரும்: செதில் பூச்சி. பஞ்சுபோல வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. தளிரில் மொய்ப்பது அசுவினி. மூன்றுக்கும் வைத்தியம் ஒன்றே.

அதற்கு முன் எறும்பைக் கவனியுங்கள். பிசுக்குக்காக எறும்புகள் இந்தப் பூச்சிகளைக் காவல் காக்கின்றன. பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டையும் விரட்டுகின்றன. எறும்பு இருக்கும்வரை எந்தத் தெளிப்பும் தற்காலிகம்தான். சுவரையும் பக்கத்துச் செடியையும் தொடும் கிளைகளை வெட்டுங்கள். சர்க்கரைப்பாகில் ஒரு சிட்டிகை வெங்காரம் (போராக்ஸ்) கலந்து, மூடியில் துளையிட்ட சின்ன டப்பாவில் வைத்து எறும்பு வரும் வழியில் வையுங்கள். குழந்தைகளுக்கும் நாய் பூனைக்கும் எட்டாமல். வெங்காரம் மண்ணில் சிந்தினால் செடிக்கே ஆகாது. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் செந்நிற முசுறு வந்திருந்தால், அந்தக் கூடு உள்ள கிளையை அந்தி சாய்ந்தபின் சாக்குக்குள் நுழைத்து வெட்டி அப்புறப்படுத்துவதே வழி. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு தெளிப்பு. 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில சொட்டு சோப்புக் கரைசலில் முதலில் குழைத்து, அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரைச் சேருங்கள். எண்ணெய் மேலே மிதந்தால் குழைத்தது போதவில்லை. வெயில் இறங்கியபின் இலையின் அடிப்புறத்தில் படும்படி தெளியுங்கள். வாரம் ஒரு தடவை, மூன்று வாரம். செதில் பூச்சி கெட்டியாக அப்பியிருக்கும் தண்டுகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிடுவது எந்த மருந்தையும்விட விரைவாக வேலை செய்யும். கரும்பூசணத்துக்கென்று தனி மருந்து வேண்டாம். பூச்சி போனால் கறுப்பு காய்ந்து உரிந்துவிடும்.

வேர் வழியாகச் செடி முழுக்கப் பரவும் பூச்சிமருந்துகளைக் கடைக்காரர் நீட்டுவார். வாங்காதீர்கள். பூவின் தேனுக்கும் அது போகும். அந்தத் தேனைத்தான் தேன்சிட்டு குடிக்கிறது. பூக்குழலின் அடியைக் கிள்ளி நூல்போன்ற சூல்தண்டை உருவி, நுனியில் நிற்கும் துளியைப் பிள்ளைகளும் நக்குகிறார்கள்.

இலை நுனியும் ஓரமும் கருகுகிறது

உப்பு. ஆர்.ஓ. கழிவுநீர், அளவு மீறிய உரம், கழுவாத தேங்காய் நார்க்கழிவு, கடற்கரையோர வீடு என்று காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும். மண்மேல் வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றி அடித்துளை வழியே வடியவிடுங்கள். ஒரு மாதம் உரம் வேண்டாம். கடற்காற்று நேராக அடிக்கும் இடமானால் ஒரு தடுப்பு வையுங்கள்.

மண் ஈரமாக இருந்தும் செடி வாடுகிறது

வாடினால் தண்ணீர் ஊற்றுவது எல்லாருக்கும் கைவந்த பழக்கம். இங்கே அதுதான் செடியைக் கொல்லும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருக்கிறது, மண்ணில் முட்டை நாற்றம் அடிக்கிறது என்றால் வேர் அழுகிக்கொண்டிருக்கிறது. பகைவரின் ஆநிரையைக் கவரப் போன மறவர் சூடிய பூ, புறத்திணையில் ஒரு திணைக்கே பெயர் கொடுத்த பூ, தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தேங்கிய தண்ணீரிடம் தோற்றுவிடும்.

தட்டை எடுத்துவிடுங்கள். தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். கறுத்துக் கொழகொழத்து, இழுத்தால் தோல் உரிந்து நூல் மட்டும் மிஞ்சும் வேர்களை வெட்டுங்கள். வேரில் வெட்டிய அளவுக்கே கிளைகளையும் குறைத்து, வடியும் மண்ணில் வைத்து நிழலில் விடுங்கள். மூன்றில் இரண்டு பங்கு வேர் போயிருந்தால் செடியைத் தேற்றுவதைவிட, நல்லதாக உள்ள கிளைகளில் அரை முற்றலாக நான்கைந்து அங்குலப் போத்து வெட்டி ஈர மணலில் வைப்பது மேல். நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் விடும்.

வேரில் அழுகல் இல்லை, ஆனால் மணி மணியாக முடிச்சுகள் இருக்கின்றன என்றால் நூற்புழு. தொட்டி மண்ணை அப்படியே கழித்துவிட்டுப் புதிய மண்ணில், ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு சேர்த்து, புதுக்கன்று வையுங்கள். தரை என்றால் வேப்பம்புண்ணாக்கோடு சுற்றிலும் துலுக்கச் சாமந்தி நடுங்கள்.

நட்ட கன்று அப்படியே நிற்கிறது, இலை கொட்டுகிறது

நர்சரிக் கன்றுகள் பல, பிசுபிசுத்த களிமண் உருண்டையில் வருகின்றன. அந்த உருண்டையைப் பிரிக்காமல் நெகிழ்வான மண்ணில் வைத்தால், ஊற்றும் தண்ணீர் சுற்றி ஓடிவிடும். உருண்டை உள்ளே காய்ந்தே கிடக்கும். உதறிப் பிரித்தாலோ வேர் அறுந்து இலை கொட்டும். வெட்சிக்கு வேரைக் கலைப்பது பிடிக்காது. நடுவழி: உருண்டையை வாளித் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, வெளிக் களி தானாகக் கரைந்த அளவுக்கு மட்டும் விட்டு நடுங்கள். ஆடி, ஆவணியில் நட்டால் மழைக்குள் ஊன்றிக்கொள்ளும். முதல் மூன்று மாதம் உரம் கிடையாது.

3 அடியில் நிற்கவில்லை. அடி மொட்டையாகி மேலே போகிறது

எதை வாங்கினீர்கள் என்று பாருங்கள். நாட்டு வெட்சியின் இலைக்கு ஏறக்குறையக் காம்பே இருக்காது. இலையின் அடி இதய வடிவில் தண்டைத் தழுவியிருக்கும். இதழ் நுனி கூராக இருக்கும். இதழ் நுனி உருண்டையாக இருந்தால் சீன வகை அல்லது கலப்பினம். மிகக் குட்டையாக, விரல் நீள இலையோடு 'மினி' என்று விற்கப்படுபவை தானே குட்டையாக நிற்கும், வேலிக்கு நல்லது. நாட்டு வகையை நீங்கள்தான் அடக்க வேண்டும். ஒரே ஆண்டில் முட்டி உயரத்துக்கு மொட்டையடிக்காமல், மாசிக்கு மாசி மூன்றில் ஒரு பங்கு மூத்த தண்டுகளை மட்டும் தரையிலிருந்து ஓரடியில் வெட்டுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே தளிர்த்து, மூன்றாம் ஆண்டில் அடிவரை அடர்ந்துவிடும். வெயில் படாத பக்கம் மட்டும் தளிர்க்காது.

ஒன்றும் செய்ய வேண்டாதவை

இலையில் ஓட்டை: ஏதோ புழு தின்றிருக்கிறது, தின்னட்டும். நீலன் குடும்பத்துப் பட்டாம்பூச்சி ஒன்று வெட்சி இலையிலும் முட்டையிடும்; அதன் புழு உடம்பெல்லாம் முனை முனையாக நீட்டிக்கொண்டு, பார்த்தால் புழு என்றே நம்ப முடியாது. செடி முழுதும் மொட்டையானால் ஒழியக் கை வைக்காதீர்கள். பூத்து முடிந்த கொத்தில் பச்சையாய்க் காய்த்துச் சிவந்து கறுக்கும் உருண்டைகள் பழங்கள். தின்னலாம், பறவைகளும் தின்னும். அடுத்த பூ சீக்கிரம் வேண்டும் என்றால் காய்க்கும் முன்பே கொத்தைக் கிள்ளிவிடுங்கள். பழம் வேண்டும் என்றால் அந்தக் கிளையை விட்டுவிடுங்கள்.